குடியை நிறுத்தச் சொல்வதற்கு முன்

"நாளையிலேர்ந்து குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கண்ணே." சென்ட்ரல், எழும்பூர் பக்கம் நடைபாதையில் படுத்திருப்பவர்களுக்கு இரவில் சாப்பாடு கொடுக்கப் போகும் தம்பி தங்கைகள் இப்படிக் கேட்பதுண்டு. அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் பல வருடங்களாகத் தினமும் குடித்தவர் அந்தச் சத்தியத்தை அப்படியே காப்பாற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மனநல மருத்துவராகத் தன்னார்வலர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மதுவுக்குப் பழகிய உடலுக்கு அது திடீரென்று கிடைக்காமல் போனால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் பிடிக்காது. முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குப் புத்தி தடுமாறும். உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார், யாரோ அடிக்க வருவதாகச் சொல்லி ரோட்டில் இறங்கி ஓடுவார். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் மரணம் வரை போகும். வீடு உள்ளவர் என்றால் மனைவியோ பிள்ளையோ தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பிளாட்பாரத்தில் பார்ப்பவர்களோ 'ஓவர் போதை' என்று ஒதுங்கிப் போகிறார்கள். போதை இறங்கியதால் வந்த வினை அது.

ஆகவே பேசப் போகும் நேரத்தை மாற்றுங்கள். டாஸ்மாக் இரவு 10 மணிக்கு மூடி மறுநாள் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. (நடுவில் கூடுதல் விலைக்குக் கள்ளத்தனமாக விற்பது ஊருக்கே தெரியும், கையில் காசில்லாதவருக்கு அது எட்டாது.) இரவில் பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது காலையில் அவருக்கே நினைவிருக்காது. காலை ஏழு மணிக்குப் போனால் டீ கிளாஸை இரண்டு கையால் பிடித்தும் சிந்துகிறவரைப் பார்ப்பீர்கள். "கடைசியா எப்பண்ணே குடிச்சீங்க? முன்னாடி நிறுத்தினப்போ ஃபிட்ஸ் வந்திருக்கா?" இந்த இரண்டு கேள்வி போதும். வந்திருக்கிறது என்றால் மருத்துவமனைதான். அங்கே போய்ச் சேரும்வரை, கொஞ்சம் குடித்தால் குடிக்கட்டும். டாக்டரே இப்படிச் சொல்லலாமா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நிறுத்துவது மருந்தின் துணையோடு, மருத்துவர் கண்முன்னால் நடக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, சோர்ந்து கிடக்கிறாரே என்று இரக்கப்பட்டு குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றச் சொல்வது. சோறின்றிக் குடித்தே காலம் தள்ளியவர் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிக்காதபோதும் நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், பேச்சு குழம்பினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். 'நாள்பட்ட குடிகாரர், தயமின் போடணும்' என்று மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். தலையில் வீக்கமோ ரத்தமோ இருக்கிறதா பாருங்கள். விழுந்து அடிபட்டவரும் சர்க்கரை குறைந்தவரும் குடிவாடை வந்தால் குடிகாரராகவே எண்ணப்படுகிறார்கள்.

வார்டில் முதலில் கேட்கப்படுவது, "கூட யாரு இருக்கீங்க?" என்பதுதான். அட்டெண்டர் இல்லை என்ற காரணத்தாலேயே பலர் பாதியில் வெளியே வந்துவிடுகிறார்கள். பொட்டலம் கட்ட இருபது பேர் வருகிற குழுவில் நான்கு பேர் முறைவைத்து வார்டில் உட்கார்ந்தால், என்னைக் கேட்டால், அதுதான் பெரிய உதவி. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. அப்படி நடக்கும் மாநகராட்சிக் காப்பகம் ஒன்றில், வார்டில் சேர்க்கும் அன்றே பேசி இடம் கேட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு பெரும்பாலும் மாலையில்தான் கைக்கு வரும். அந்த நேரத்தில் டாஸ்மாக் திறந்திருக்கும்.