ஜிப் விஷயத்தில் பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், ரன்னர் மேலே இருக்கிறது, வயிற்றுப் பக்கம் ஜிப் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பார்த்த உடனே வாயில் வருவது "பல்லு போச்சு" என்பதுதான். நானும் அப்படிச் சொல்லித்தான் ஒரு நல்ல ஜாக்கெட்டை இரண்டு வருடம் மூலையில் போட்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் லென்ஸ் வைத்துப் பல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றுகூட உடையவில்லை, வளையக்கூட இல்லை. தேய்ந்துபோயிருந்தது மேலும் கீழும் ஓடுகிற அந்தக் குட்டி ரன்னர்.

ஏன் என்று புரிய, பெரிய பல் வைத்த உலோக ஜிப் ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு பக்கம் சின்ன மேடு, அதற்கு நேர் மறுபக்கம் ஒரு குழி. இடது வரிசைப் பல்லின் மேடு வலது வரிசைப் பல்லின் குழியில் உட்காரும், அந்த வலது பல்லின் மேடு அடுத்த இடது பல்லின் குழியில், இப்படியே மாறிமாறி ஏறிக்கொண்டு போகும். நாடா நேராக இருக்கிறவரை எந்தப் பல்லுக்கும் குழியை விட்டு எழுந்திருக்க இடமில்லை, மேலேயும் கீழேயும் இருப்பவை நெருக்கிப் பிடித்திருக்கும், அதனால்தான் பூட்டிய ஜிப்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாலும் அசைந்து கொடுப்பதில்லை. சரி, அவ்வளவு நெருக்கத்தில் உள்ளே போனது எப்படி? வளைவில்தான். விசிறி விரியும்போது மட்டைகளின் நுனிகள் விலகுகிற மாதிரி, நாடா வளைந்தால் பல் நுனிகள் விலகும், விலகிய இடைவெளியில் எதிர்வரிசைப் பல் நுழையும், நாடா நிமிர்ந்ததும் மாட்டிக்கொள்ளும்.

அந்த வளைவைக் கொடுப்பதுதான் ரன்னரின் வேலை. அதன் உள்ளே கவட்டைக் கம்பு வடிவத்தில் ஒரு பாதை இருக்கிறது, மேலே இரண்டு வாய், கீழே ஒரே வாய், மேல் வாய்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆப்பு. மேலே இழுக்கும்போது ஓரச் சுவர்கள் இரண்டு வரிசையையும் வளைத்துக் கொண்டுவந்து ஒன்றோடொன்று அழுத்தும், கீழே இழுக்கும்போது ஆப்பு நடுவில் புகுந்து பிரித்துவிடும். பூட்டுகிற பாதையும் திறக்கிற பாதையும் ஒன்றே, போகிற திசை மட்டும்தான் வேறு.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் ஆயிரக்கணக்கான முறை ஓடி ஓடி மெல்ல வாய் அகன்றுவிடும். நூலிழை அளவு அகன்றாலே போதும், பற்கள் முழுசாக அழுந்தாமல் பாதி உட்கார்ந்தபடி வெளியே வரும், கொஞ்சம் குனிந்ததும் பிரிந்துவிடும்.

எது கெட்டது என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது: நாலைந்து முறை பூட்டித் திறந்து, எங்கே பிரிகிறது என்று பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பிரிந்தால் அந்த இடத்துப் பல்லில் கோளாறு, உலோகப் பல் என்றால் சின்னக் குறடால் நிமிர்த்திவிடலாம். இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு வேறொரு இடம் என்றால் சந்தேகமே வேண்டாம், ரன்னர்தான்.

ரன்னருக்கு வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். அதை ஜிப்பின் அடிக்கு இறக்கி, ஒற்றை வாய் இருக்கும் பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களையும் குறடால் ஒவ்வொன்றாக, லேசாக அழுத்துங்கள், பெயின்ட் உரியாமல் இருக்க நடுவே ஒரு துணித்துண்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு அழுத்து, ஒரு முறை ஓட்டிப் பார்த்தல், தேவைப்பட்டால் இன்னொரு அழுத்து. ஒரேயடியாக நெரிக்கக் கூடாது. பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவை, கொஞ்சம் வளையும், அதற்கு மேல் போனால் வெடித்துவிடும். என் முதல் முயற்சி அப்படித்தான் இரண்டு துண்டாகப் போனது.

இப்படித் திறந்துகொள்வது ஜிப்புக்குப் பிறவிக் குணம். விட்கோம்ப் ஜட்சன் 1893இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஆதி வடிவத்தில் கொக்கியும் வளையமும்தான் இருந்தன, அது அடிக்கடி கழன்று மானத்தை வாங்கியது. ஸ்வீடனில் பிறந்த கிடியன் சண்ட்பேக் 1913 வாக்கில் கொக்கியைத் தூக்கிப்போட்டு, மேடும் குழியுமான பற்களைக் கொண்டுவந்தார், அங்குலத்துக்கு நாலாக இருந்ததைப் பத்து, பதினொன்றாக நெருக்கினார். 'ஜிப்பர்' என்ற பெயர் 1923இல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்ஸுக்கு வைத்தது.

நைலான் ஜிப்பில் தனித்தனிப் பல்லே கிடையாது, ஒரே இழையைச் சுருளாகச் சுற்றி நாடாவில் தைத்திருப்பார்கள். அது நடுவில் பிரிந்தால் பதற வேண்டாம், ரன்னரை மெதுவாக அடிவரை இறக்கி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

இறுகிப்போன ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும், இரண்டும் குழைந்து உப்புத்தாள் மாதிரி பல்லை அரிக்கும், துணியில் கறை வேறு. பென்சில் போதும். அதன் கிராஃபைட்டில் கார்பன் அடுக்கடுக்காக இருக்கிறது, அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். கருப்பாக எழுதுகிற மெதுவான பென்சிலே நல்லது, கடினமானதில் களிமண் அதிகம். வெள்ளைத் துணி என்றால் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

பேன்ட் ஜிப் தானாக இறங்குவது வேறு கதை. ரன்னரின் இழுக்கும் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன முள் இருக்கும், நாக்கைக் கீழ்நோக்கிப் படுக்கவைத்தால் அது பற்களுக்கு நடுவே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். நாக்கை நிமிர்த்தியபடியே விட்டுவிட்டு ஜிப் மேல் கோபப்படுகிறவர்கள் நிறைய. முள்ளே தேய்ந்துவிட்டால், நாக்கில் ஒரு சாவி வளையத்தைக் கோத்து பேன்ட் பட்டனில் மாட்டி, அதன் மேல் பட்டனைப் போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது.

துவைக்கும்போது பூட்டிப் போடுங்கள், திறந்த பல் மற்றத் துணிகளைக் கிழிக்கும். இஸ்திரிப் பெட்டியை நைலான் ஜிப் மேல் நேராக வைக்காதீர்கள், சுருள் ஒருமுறை நசுங்கினால் அதற்கு வைத்தியம் இல்லை.

ரன்னர் உடைந்தேவிட்டால் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்வார்கள், பல் நன்றாக இருந்தால் அவசியமில்லை. பழையதன் முதுகில் 3, 5, 8, 10 என்று ஒரு எண் இருக்கும், பூட்டிய பல் வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். அதே எண்ணில், அதே வகைக்கான ரன்னர் வாங்க வேண்டும், உலோகப் பல்லுக்கானது நைலானுக்குச் சேராது.

என் ஜாக்கெட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அடியில் பெட்டிக்குள் செருகுகிற ஊசிப் பக்கத்து நாடா நைந்து பிசிறு பிசிறாக வந்திருந்தது, செருகும்போதெல்லாம் நூல் சிக்கும். பிசிறை வெட்டி, நிறமில்லாத நெயில் பாலிஷை இரண்டு பூச்சுப் பூசி ராத்திரி முழுக்கக் காயவிட்டேன், காலையில் அட்டை மாதிரி விறைத்திருந்தது, ஊசி பெட்டியின் அடிவரை ஒரே தள்ளில் இறங்கியது.