கிளட்சைக் கெட்டியாக்கினால் கியர்பாக்ஸ் கெட்டியாகாது

இந்த மாதமும் ஒரு கியர்பாக்ஸ் உடைந்து வந்திருக்கிறது. டீசல் ஹேட்ச்பேக். ரீமேப் செய்து (அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டி), டர்போவை மாற்றி, ஆறு துண்டு செராமிக் கிளட்ச் பிளேட் போட்டிருக்கிறார்கள். வாளையார் தாண்டிப் பாலக்காடு போகும் நான்குவழிச் சாலையில், மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்த இடத்தில் போயிருக்கிறது. ஆயிலை இறக்கும்போதே பல் துண்டுகள் கூடவே வந்து விழுந்தன. ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல். வண்டிக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி இது: “அண்ணா, கிளட்ச் நல்லா ஸ்ட்ராங்காத்தானே போட்டிருக்கேன், அப்புறம் எப்படிண்ணா கியர் போகும்?”

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பட்டறை இருப்பதால் கோவை, பொள்ளாச்சி வண்டியும் வருகிறது, பாலக்காடு, திருச்சூர் வண்டியும் வருகிறது. எந்தப் பக்கத்து வண்டியாக இருந்தாலும் கேள்வி இதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, கிளட்ச் ஸ்ட்ராங்காக இருந்ததால்தான் கியர் போனது. ரீமேப் செய்ததும் கம்பெனி கிளட்ச் வழுக்குகிறது. அதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது வீட்டு ஃபியூஸ் மாதிரி தன் வேலையைச் செய்கிறது. தாங்க முடியாத டார்க் (திருகு விசை) வரும்போது அது வழுக்கி, பின்னால் இருக்கும் கியர், ஷாஃப்ட், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், ஆக்சில் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. நீங்கள் அதைக் கழற்றிவிட்டு, எதற்கும் வழுக்காத ஒன்றைப் போடுகிறீர்கள். அடுத்து எது பலவீனமோ அதுதான் உடையும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதே இல்லை. இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, ஆகவே கியர்பாக்ஸுக்கும் 250தான் போகிறது என்று நினைக்கிறீர்கள். சீராக மிதித்து ஓட்டும்போது அது சரி. ஆனால் இன்ஜினை 5,000 சுற்றில் ஓட விட்டுக்கொண்டு கிளட்ச் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் கணக்கே வேறு. அந்த நொடியில் பிளைவீலிலும் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) கிராங்கிலும் சுற்றிக்கொண்டிருக்கும் வேகம் முழுவதும் அடியாக இறங்குகிறது. அந்த அடிக்கு உச்ச அளவு வைப்பது இன்ஜின் அல்ல, கிளட்ச். உங்கள் கிளட்ச் 600 நியூட்டன் மீட்டர் பிடிக்கும் என்றால், டயர் வழுக்காதவரை கியர்பாக்ஸுக்கு 600 வரை வரலாம். இன்ஜின் இன்னமும் 250தான். அதனால்தான் ரீமேப்கூடச் செய்யாத வண்டி, செராமிக் கிளட்சும் நல்ல பிடிப்புள்ள டயரும் போட்ட பிறகு பல்லைக் கொட்டிக்கொண்டு வருகிறது.

ஆகவே கிளட்ச் வாங்கும்போது “எவ்வளவு அதிகம் தாங்கும்” என்று கேட்காதீர்கள். டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் மெஷின்) அளந்த உங்கள் உண்மையான டார்க்கைவிட 20, 30 சதவீதம் கூடுதலாகத் தாங்கினால் போதும். அடியை உள்வாங்கும் டேம்பர் ஸ்பிரிங் உள்ள பிளேட்டாக வாங்குங்கள். ஸ்பிரிங் இல்லாத பிளேட் ரேஸ் வண்டிக்கு. அங்கே கியர்பாக்ஸை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஆள் உண்டு. டீசலில், நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக வரும் டூயல் மாஸ் பிளைவீலைத் தூக்கிவிட்டு ஒற்றைப் பிளைவீல் போடுவதும் இதே தப்புதான். இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பின் துடிப்பையும் அந்தப் பிளைவீல்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. அது போனால் துடிப்பு நேராகப் பல்லுக்குப் போகும். ஐடிலில் கடகடவென்று சத்தம் கேட்கிறது என்று வந்து நிற்கிறார்கள்.

சரி, கெட்டியான கியர்பாக்ஸே போடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் குதிரைத்திறனை மறந்துவிடுங்கள். “அண்ணா, 160 பிஎஸ் தாங்குற பாக்ஸ் வேணும்” என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. 7,000 சுற்றில் 160 நியூட்டன் மீட்டர் தரும் பெட்ரோல் இன்ஜின் கிட்டத்தட்ட 159 பிஎஸ். 2,000 சுற்றில் 300 நியூட்டன் மீட்டர் தரும் ரீமேப் டீசல் அந்த இடத்தில் வெறும் 85 பிஎஸ். ஆனால் கியர் பல்லின் மேல் விழும் பாரம் டீசலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பல்லை உடைப்பது டார்க். அதிலும் கீழ்ச் சுற்றில், உயர்ந்த கியரில், முழு மிதியில் வரும் டார்க் ரொம்ப மோசம். வால்பாறை ஏற்றத்தில் நான்காம் கியரிலேயே 1,500 சுற்றில் அமுக்கி ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். கியரைக் குறைத்து ஏறுங்கள்.

கம்பெனிக்காரர்களே டார்க்கை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் வரும் எம்க்யூ200, எம்க்யூ250, எம்க்யூ350 என்ற பெயர்களில் இருக்கும் எண் அந்தந்தப் பாக்ஸின் டார்க் வகுப்பு. 250 என்று இருந்தால் 251-இல் உடையும் என்று அர்த்தமில்லை. வண்டியின் ஆயுள் முழுக்க அந்தப் பாரத்தில் ஓட வேண்டும் என்று வைத்த எண் அது. அதைத் தாண்டினால் உடனே உடையாது, ஆனால் ஆயுள் வேகமாகக் குறையும். பாரம் கொஞ்சம் கூடினாலே பல்லின் ஆயுள் நிறையக் குறைகிறது என்பதுதான் இரும்பின் குணம். “ரீமேப் பண்ணி ஆறு மாசம் ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்பவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் வருவது இதனால்தான்.

அளவும் முக்கியம். இன்புட் ஷாஃப்டுக்கும் எதிர் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் கூடினால் பெரிய கியர் வைக்கலாம், பல்லின் மேல் பாரம் குறையும். டிரெமெக் கம்பெனியின் டி-5 பாக்ஸுக்கு இந்தத் தூரம் 77 மில்லிமீட்டர், டி-56-க்கு 85. எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். டி-5 உடைகிற இன்ஜினுக்கு டி-56 போடுவது அந்த எட்டு மில்லிமீட்டரை நம்பித்தான். பாரம் ஏறும்போது இரண்டு ஷாஃப்டும் ஒன்றையொன்று தள்ளிவிடப் பார்க்கும். ஹவுசிங் விரிந்து கொடுத்தால் பல் முழு அகலத்தில் உட்காராமல் ஓரத்தில் மட்டும் தொடும். ஓரம்தான் முதலில் உதிரும். பல பாக்ஸ்களில் மூன்றாம் கியர் அடிக்கடி போவதற்கு இது ஒரு காரணம், அது பேரிங்குகளுக்குத் தள்ளி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு காரணம், முதல் இரண்டு கியரில் டயர் வழுக்கித் தப்பிக்கவிடும். மூன்றாவதில் டயர் பிடித்துக்கொள்ளும், டர்போவும் முழுதாக ஊதும்.

இப்போது வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு. டொயோட்டா சூப்ராவின் ஆறு கியர் கெட்ராக், டிரெமெக் டிகேஎக்ஸ் எல்லாம் அருமையான பாக்ஸ்கள்தான். டிகேஎக்ஸ் மட்டும் 600 பவுண்டு-அடி, அதாவது 810 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. ஆனால் அவை இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் வண்டிக்கானவை. உங்கள் வண்டியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. டிஃபரன்ஷியலும் அதே ஹவுசிங்குக்குள். அந்தப் பாக்ஸ் இதில் ஏறாது. பழைய பிஎம்டபிள்யூ, ஜிப்சி மாதிரி வண்டி வைத்திருந்தால் வாருங்கள், பேசலாம். முன்சக்கர வண்டிக்கு வழி வேறு: அதே குடும்பத்தில் கம்பெனி பெரிய இன்ஜினுக்குக் கொடுத்த பாக்ஸ், இல்லையென்றால் அதே ஹவுசிங்குக்குள் கெட்டியான கியர் செட்.

கம்பெனியின் பெரிய பாக்ஸ்தான் தெருவில் ஓடும் வண்டிக்கு என் முதல் தேர்வு. சத்தம் இருக்காது, சாமான் கிடைக்கும். ஆனால் பாக்ஸ் விலையை மட்டும் பார்த்துப் பணம் சேர்க்காதீர்கள். பெல் ஹவுசிங் போல்ட் துளைகள், கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன் (ஷாஃப்டில் மாட்டும் பல்வரிசை), ஸ்டார்ட்டர் மோட்டார் இடம், மவுண்டிங், இரண்டு பக்க ஆக்சில், கியர் கேபிள், ஸ்பீடு சென்சார், ரிவர்ஸ் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து மாறலாம். கியர் விகிதத்தையும் பாருங்கள். டீசலின் பாக்ஸை அதிகச் சுற்று ஓடும் பெட்ரோலுக்கு மாட்டிவிட்டு வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேர்பல் கியர் செட் (பல்லைச் சாய்க்காமல் நேராக வெட்டியது) கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நேர்பல் என்றாலே கெட்டி என்ற நம்பிக்கை தவறு. சாய்ந்த பல் ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளும், நேர்பல் தள்ளாது; அதனால் பேரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நிம்மதி. பல்லின் பலம் நல்ல இரும்பிலிருந்தும், அகலத்திலிருந்தும், பருமனிலிருந்தும் வருகிறது. சத்தம் ஊ என்று காதைத் துளைக்கும், கோவைக்கு வேலைக்குப் போய்வருகிற வண்டியில் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டீர்கள். நேர்பல்லும் டாக் பாக்ஸும் ஒன்று என்று நினைக்காதீர்கள். டாக் பாக்ஸில், கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோ கிடையாது; டாக் எனப்படும் தடித்த முனைகள் நேராகக் கோத்துக்கொள்ளும். கியரைத் தயங்காமல் அடித்துப் போட வேண்டும், மெதுவாகப் போட்டால் டாக் முனைகள் தேயும். டிராஃபிக்கில் நின்று நின்று போகிற வண்டிக்கு அது வேண்டாம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டத்தான் வண்டி என்றால் தாராளமாகப் போடுங்கள்.

லேத்தில் கியர் அறுத்துத் தருகிறோம் என்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் நல்ல கியர் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் கம்பெனி கியர் மேல்தோல் மட்டும் கடினமாகி, உள்ளே மிதமாக இருக்கும்படி கார்பன் ஏற்றிப் பதப்படுத்தியது. 16எம்என்சிஆர்5, 20எம்என்சிஆர்5 மாதிரி இரும்பை அதற்காகவே எடுக்கிறார்கள். கிடைத்த இரும்பில் வெட்டி, முழுசாகக் காய்ச்சிக் கடினமாக்கிய கியர் முதல் அடியிலேயே கண்ணாடி போல உடையும். என்ன இரும்பு, மேல்தோல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கியரைப் பற்றியே பேசி டிஃபரன்ஷியலை மறந்துவிடுவார்கள். ஃபோக்ஸ்வேகனின் பழைய 02ஏ, 02ஜே பாக்ஸ்களில் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை ரிவிட் அடித்துத்தான் பிடித்திருப்பார்கள். ரிவிட் தலை கழன்றால் ஹவுசிங்கை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். கெட்டியான கியர் போடப் பிரிக்கும்போதே ரிவிட்டை எடுத்துவிட்டு போல்ட் போட்டுவிடுங்கள். முடிந்தால் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) போடுங்கள். ஒரு சக்கரம் மணலில் சுழல, இன்னொன்று நிற்க, நீங்கள் தொடர்ந்து மிதிக்க, டிஃபரன்ஷியலின் நடுவில் ஸ்டார் பினியன் என்ற சின்ன கியர்கள் சுற்றும் ஊசி ஆயில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து மிதிக்காதீர்கள், இறங்கித் தள்ளுங்கள்.

காயலான் கடைப் பாக்ஸ் வாங்கினால் திறந்து பார்க்காமல் ஏற்றாதீர்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் சரி, துண்டு இருந்தால் வேண்டாம். சிங்க்ரோ ரிங்கும் பேரிங்கும் புதிதாகப் போட்ட பழைய பாக்ஸ், பிரிக்காமல் மாட்டிய பெரிய பாக்ஸைவிட மேல்.

ஆயிலைக் கெட்டியாக ஊற்றினால் கியர் பிழைக்கும் என்று 90 ஆயில் ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள்; ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளை சிங்க்ரோவை அரிக்கக்கூடும், வழுக்கலும் அதிகம் என்பதால் சிங்க்ரோ பிடிக்காது. கம்பெனி சொன்ன ஆயிலை ஊற்றுங்கள்.

வாளையார் சாலையிலும் பைபாஸிலும் சோதித்துப் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூன்றாம் கியர் பூட்டிக்கொண்டால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், பின்னால் லாரி வருகிறது. கம்பெனி விவரத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 182ஏ(4)-இல் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை உண்டு. விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம். வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கெட்டியான பாக்ஸை ஏற்றி முடித்த பிறகு முதல் 800 கிலோமீட்டர் முழு மிதி வேண்டாம். அதன் பிறகு ஆயிலை மாற்றி, காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். நகத்தில் சிக்கும் அளவுக்குத் துண்டு இருந்தால் அதற்குமேல் ஓட்டாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.