வெட்டி எரிக்கப்பட்டவர்கள் எந்த ஊர்? பல்லைக் கேட்டார்கள்

இங்கிலாந்தில் பிளேக்கால் காலியான கிராமங்களில் பேய் நடமாடுமாமே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிளேக்கை முதலில் தள்ளிவிடலாம். யார்க்‌ஷயரின் வார்ரம் பெர்சியில், 1348-49 பிளேக்குக்குப் பிறகும் ஆட்கள் குடியிருந்தார்கள். 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்களைக் கிளப்பியது ஆடுகள்தான். உழவுக்கு ஊரே வேண்டும். மந்தைக்கு ஒரு மேய்ப்பன் போதும். இன்று மிச்சம் கூரையில்லாத தேவாலயமும் புல் மூடிய வீட்டு மேடுகளும்.

1950 முதல் 1990 வரை கோடைதோறும் நடந்த அகழாய்வில், ஒரு குழியில் குறைந்தது 10 பேரின் எலும்புகள் கிடைத்தன. காலம் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு. செத்த பிறகு வெட்டி, உடைத்து, எரித்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு காரணம் தேடியது. தின்னக் கறிக்காக வெட்டியிருந்தால் பெரிய தசைகள் ஒட்டும் இடங்களில் வெட்டு விழுந்திருக்கும். இங்கே தலை, கழுத்துப் பக்கம். அப்படியானால் வெளியூர்க்காரர்களா?

இங்கேதான் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் வருகிறது. பாறையிலுள்ள இன்னொரு தனிமமான ருபீடியம்-87 (எண் அணுவின் நிறையைக் குறிக்கும்) மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது; ஸ்ட்ரான்ஷியம்-86 அப்படியே இருக்கும். அதனால் பழைய கிரானைட்டில் 87/86 விகிதம் 0.71-ஐத் தாண்டும், வார்ரம் பெர்சியின் அடியிலுள்ள சுண்ணப்பாறையில் 0.708-ஐ ஒட்டி நிற்கும். மண்ணிலிருந்து தானியம், பால் வழியாக அது குழந்தைக்குள் போகிறது. கால்சியத்தின் குணமே ஸ்ட்ரான்ஷியத்துக்கும் என்பதால் உடல் அதையும் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் வைத்துக் கட்டிவிடுகிறது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் மூன்று வயதுவாக்கில் முடிந்துவிடும், பிறகு புதுப்பிக்கப்படாது. எலும்பு அப்படியல்ல, புதைந்த பின் நிலத்தடி நீரை உறிஞ்சிப் பொய் சொல்லும்.

எனாமலின் மேற்பரப்பைச் சுரண்டி, உள்ளே ஒட்டிய டென்டைன் என்ற பல்திசுவையும் துளிகூட விடாமல் நீக்கி, சில மில்லிகிராமை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலைப் பிசின் நிரப்பிய குழாயில் விட்டால் ஸ்ட்ரான்ஷியம் பிடிபடும், கால்சியமும் ருபீடியமும் வழிந்துபோகும். அப்புறம் வெறும் தண்ணீர் விட்டாலே ஸ்ட்ரான்ஷியம் இறங்கிவிடும். ருபீடியம் கொஞ்சம் தங்கினாலும் ஆபத்து. ருபீடியம்-87க்கும் ஸ்ட்ரான்ஷியம்-87க்கும் நிறை ஏறக்குறைய ஒன்றே. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியான நிறைமாலைமானி இரண்டையும் சேர்த்து எண்ணி, சுண்ணநிலத்துப் பிள்ளையைக் கிரானைட் நாட்டான் ஆக்கிவிடும். இதற்கொரு அழகான தந்திரம்: 85 என்ற நிறையைக் கண்காணிப்பது. அங்கே ருபீடியம் மட்டுமே தெரியும். இயற்கையில் ருபீடியத்தின் 85-ம் 87-ம் 72:28 என்ற கணக்கில் இருப்பதால், எவ்வளவு கழிக்க வேண்டுமென்று தெரிந்துவிடும்.

பற்கள் உள்ளூர்க் கணக்கோடு ஒத்துப்போயின. செத்தவர் எழுந்து வருவார் என்ற பயத்தில் சொந்த ஊராரே செய்த வேலை என்பதுதான் ஆய்வாளர்கள் பொருத்தமாகக் கருதும் விளக்கம். 12ஆம் நூற்றாண்டில் யார்க்‌ஷயர்த் துறவி நியூபரோ வில்லியமும் நடமாடும் பிணங்களை எரித்த கதைகளை எழுதிவைத்திருக்கிறார். ஆக, பேய் இல்லை. பேய்பயம் தாராளமாக இருந்தது. இந்த எலும்புகளைப் பல பத்தாண்டு காத்த கிடங்கு அலமாரிகளுக்குத்தான், என் பார்வையில், ஆய்வு நிதியில் முதல் பங்கு போகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இதே சுண்ணப்பாறை தென் இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் உண்டு. அங்கே வளர்ந்தவர் பல்லும் ஏறக்குறைய இதே எண்ணைத்தான் காட்டும்.