பிரசவ வலியின்போது குழந்தையின் மூளைக்கு ஆக்ஸிஜன் போகிறதா? மெஷின் சொல்வதும் சொல்லாததும்

"குழந்தையோட மூளைக்கு ஆக்ஸிஜன் சரியாப் போகுதான்னு மெஷின்ல தெரியுமா?" என்று பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் கேட்பார்கள். தெரியாது என்பதுதான் உண்மை. தாயின் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி ஓடவிடும் சி.டி.ஜி. கருவி ஆக்ஸிஜனை அளப்பதே இல்லை. மேல்கோடு குழந்தையின் இதயத்துடிப்பு, கீழ்க்கோடு கருப்பைச் சுருக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் மூளையின் நிலையை ஊகிக்கிறோம்.

ஒவ்வொரு வலியும் ஏறத்தாழ 45 முதல் 60 விநாடி இருக்கும். கருப்பைத் தசை இறுகும்போது அதன் ஊடே ஓடும் ரத்தக்குழாய்கள் நசுங்கி, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. குழந்தை அந்த ஒரு நிமிடத்தைக் கையிருப்பில் ஓட்டிவிட்டு, வலி விட்டதும் மறுபடி நிரப்பிக்கொள்கிறது. அதற்கேற்ற உடல்தான் அதற்கு. கருவின் ஹீமோகுளோபின், குறைந்த அழுத்தத்திலேயே ஆக்ஸிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் வகை. பிரசவத்தின்போது 30 முதல் 70 சதவீத ஆக்ஸிஜன் செறிவிலேயே குழந்தை சமாளித்துவிடும். ஆகவே எங்கள் கண் முதலில் போவது வலியின் மீதல்ல, இரண்டு வலிகளுக்கு நடுவே உள்ள ஓய்வின் மீது. 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்து, அரை மணி நேரச் சராசரியும் அப்படியே இருந்தால் கையிருப்பு நிரம்ப நேரமில்லை என்று அர்த்தம். வலி வரவைக்க ஆக்ஸிடோசின் டிரிப் ஓடும்போது இது அடிக்கடி நேர்கிறது. பெல்ட், வலி எப்போது வருகிறது என்று காட்டும். எவ்வளவு பலமானது என்று காட்டாது. இறுக்கிக் கட்டினால் கோடு மேலே போகும், நழுவினால் வலியே இல்லாததுபோல் தெரியும். வயிற்றின் மேற்பகுதியில் உள்ளங்கையை வைத்து, வலி விட்ட பிறகு கருப்பை மெத்தென்று தளர்கிறதா என்று பார்ப்பதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

ஆக்ஸிஜன் குறையும்போது குழந்தை சும்மா இருப்பதில்லை. தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. கிராஃபில் பள்ளமாகத் தெரியும் துடிப்புக் குறைவு பெரும்பாலும் இந்தத் தற்காப்பின் அடையாளம். பள்ளத்தைக் கண்டதும் மூளை பாதித்துவிட்டது என்று பதற வேண்டாம். கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் பள்ளங்கள் ஆழமாகி, அகலமாகும். பிறகு துடிப்பு அவ்வப்போது 15 அல்லது அதற்கு மேல் எகிறும் ஏற்றங்கள் மறையும். அடுத்து அடிப்படைத் துடிப்பு மெல்ல ஏறும். கடைசியில்தான் கோட்டின் சிறு நெளிவுகள் குறைந்து தட்டையாகும். அந்த நெளிவு நிமிடத்துக்கு 5 முதல் 25 துடிப்பு வரை இருந்தால் மூளைத் தண்டு விழிப்பாக இருக்கிறது என்று பொருள்.

இதில் அதிகம் தவறவிடப்படுவது மூன்றாவது படி, அதாவது அடிப்படைத் துடிப்பு ஏறுவது. அதன் வழக்கமான வரம்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. மாலையில் 125ஆக இருந்த குழந்தை நள்ளிரவில் 155ஐத் தொட்டால், வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அதே குழந்தையின் முதல் அரை மணி நேரக் காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் 30 துடிப்பு ஏறியிருப்பது உறைக்கும். தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படி ஏறும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. முக்கும் கட்டத்தில் கருவி குழந்தையை விட்டுவிட்டுத் தாயின் துடிப்பைப் பதிவுசெய்துவிடலாம், அழகான, நம்பும்படியான கோடாக. தாயின் நாடியைப் பிடித்து ஒப்பிடுவதும், தாயின் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி வைப்பதும் இதற்காகத்தான். வலியின்போது குழந்தையின் துடிப்பு ஏறுவதுபோலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்தது காகித வேகம். நிமிடத்துக்கு 1 செ.மீ. ஓடும் கோடும் 3 செ.மீ. ஓடும் கோடும் ஒரே குழந்தையுடையதானாலும் வேறு முகம் காட்டும். இது தெரியாமல் புகைப்படம் எடுத்து அனுப்பிக் கருத்துக் கேட்பது வீண்.

அப்படியானால் ஆக்ஸிஜனை நேரடியாகவே அளக்கலாமே? முயன்றிருக்கிறார்கள். பனிக்குடம் உடைந்த பிறகு குழந்தையின் கன்னத்தோரம் சென்சாரைச் செருகும் கருவிக்கு 2000இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செறிவு 30 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் ஆபத்து என்பது கணக்கு. 2006இல் வெளியான, 5,341 பெண்களைக் கொண்ட ஆய்வில் சிசேரியனும் குறையவில்லை, குழந்தைகளின் நிலையும் மேம்படவில்லை. கருவி சந்தையை விட்டே போனது.

மூளையையே பார்க்கும் முறை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி. ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் ஒளி மண்டையோட்டை ஊடுருவும் என்று ஃபிரான்ஸ் யோப்ஸிஸ் 1977இல் காட்டினார். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் விகிதம் கிடைக்கும். பிறந்த குழந்தையின் நெற்றியில் ஒட்டினால் நன்றாக வேலை செய்கிறது. பிறக்கும் பாதையில் இருக்கும் தலையில்தான் சிக்கல்: முடி, ரத்தம், மேலே படிந்த வெண்ணெய்ப் பூச்சு, அழுத்தத்தில் உண்டாகும் உச்சந்தலை வீக்கம், போதாததற்குத் தலை திரும்பிக்கொண்டே இறங்குவது. வீங்கிய தோலின் ரத்தத்தையும் மூளையின் ரத்தத்தையும் சென்சார் குழப்பிக்கொள்ளும். எண் திரையில் வந்துவிடும். அதை நம்பி அறுவை சிகிச்சை முடிவெடுக்க முடியாது.

கோடு சந்தேகமாக இருந்தால் சில மையங்களில் குழந்தையின் தலைத் தோலில் ஒரு துளி ரத்தம் எடுத்து அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவைப் பார்க்கிறார்கள். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். 7.25 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி, 7.20 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உடனடிப் பிரசவம் தேவை. நடுவில் வந்தால் சற்று நேரத்தில் மறுபடி எடுப்பார்கள்.

கோடு மோசமானால் செய்வது எளிய வேலைகள்தான். தாயை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தல், ஆக்ஸிடோசினை நிறுத்துதல், எபிடியூரலுக்குப் (முதுகில் போடும் வலி நிவாரண மருந்து) பிறகு தாயின் ரத்த அழுத்தம் விழுந்ததா என்று பார்த்துத் திரவம் ஏற்றுதல், தொப்புள்கொடி முன்னால் இறங்கியிருக்கிறதா என்று உள்பரிசோதனை. கருப்பைச் சுருக்கம் அடங்கவில்லையென்றால் அதைத் தளர்த்தும் டெர்பியூட்டலின் 0.25 மி.கி. தோலடி ஊசி. தாயின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைப்பது ஒரு காலத்தில் முதல் வேலையாக இருந்தது. தாயின் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கையில் அதனால் குழந்தைக்குப் பயன் தெரியவில்லை என்பதால் வழக்கமாக வைப்பதைக் கைவிடச் சொல்கிறார்கள். பெல்ட்டை நிற்காமல் கட்டி வைப்பதும் அப்படித்தான். குழந்தையின் துடிப்பை இடைவெளிவிட்டுக் கேட்பதோடு ஒப்பிட்டால் பிறந்தபின் வரும் வலிப்பு பாதியாகக் குறைகிறது. மூளைவாதம் குறையவில்லை, சிசேரியன் கூடுகிறது. மூளைவாதத்தில் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்பே தொடங்கியது என்பதால் இதில் வியப்பில்லை. சிக்கலற்ற கர்ப்பத்தில் முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, வலி விட்டவுடன் ஒரு முழு நிமிடம் கேட்டால் போதும்.

பிறந்ததும் வலது கையில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 62 காட்டினால் குடும்பத்தினர் பதறிவிடுவார்கள். முதல் நிமிடத்தில் 60 முதல் 65தான் இயல்பு. 5ஆம் நிமிடத்தில் 80 முதல் 85, 10ஆம் நிமிடத்தில் 85 முதல் 95. மூச்சுத்திணறலோடு பிறந்திருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தின் பி.ஹெச்.ஐயும் சேர்த்துக் கேளுங்கள். அது 7.0க்குக் கீழே இருந்து, குழந்தை சோர்ந்தோ வலிப்போடோ இருந்தால், உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைக்கும் சிகிச்சை உண்டு. அதைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த வசதி வேறு மருத்துவமனையில்தான் என்றால் பிறந்த நேரத்தைச் சீட்டில் எழுதி, முதல் மணி நேரத்திலேயே அங்கு பேசிவிட வேண்டும். வழியில் குழந்தை அதிகம் சூடாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியே.