அறுத்த சூட்டோடை இறைச்சியை ஃப்ரீசருக்குள்ளை வைக்காதேங்கோ

லீவுக்கு கனடா, லண்டனிலையிருந்து வந்து நிக்கிற சொந்தங்களுக்கு வீட்டிலை ஸ்டேக் போட வெளிக்கிட்டு, அது கடிபடாமல் போக, "டொக்டர், எங்கட மாடு புல்லுத் திண்டு வளர்றதாலையோ இப்பிடி?" எண்டு என்னட்டைக் கேக்கிற ஆக்கள் கனபேர். கால்நடை வைத்தியர் எண்டபடியாச் சொல்லுறன், புல்லிலை பிழை இல்லை. தரவையிலை மேஞ்சு, வைக்கோலும் பூவரசங்குழையும் பனையோலையும் திண்ட மாட்டிலை கொழுப்புக் குறைவு, அவ்வளவுதான். கொழுப்பு மஞ்சளா இருந்தால் அது பச்சைத் தீனியிலை இருக்கிற கரோட்டின், பழசெண்டு நினைச்சு கடைக்காரரோடை சண்டைக்குப் போகாதேங்கோ.

பிழை நடக்கிறது வீட்டிலை. விடிய அறுத்த மாடு, ஏழு மணிக்குக் கடையிலை தொங்கும், எட்டு மணிக்கு உங்கட ஃப்ரீசருக்குள்ளை. அறுத்தாப்பிறகு தசை மெல்ல மெல்ல விறைக்கும், மாட்டிலை அது முடிய அரை நாள், சிலவேளை ஒரு நாளும் போகும், அதுக்கு முதல் சூடு 10 பாகைக்குக் கீழை இறங்கினால் நார் சுருங்கிப்போகும், பிறகு என்ன செய்தாலும் பழையபடி வராது. விறைப்பு முடிஞ்சால்தான் தசைக்குள்ளை இருக்கிற நொதியங்கள் நாரைத் தளர்த்தும். வெளிநாட்டிலை 0 - 4 பாகைக் குளிரறையிலை ஒண்டு ரெண்டு கிழமை வைக்கிறது இதுக்குத்தான். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். கழுவாமல், துண்டு போடாமல், பெரிய கட்டியா (அப்பதான் மெல்ல மெல்லக் குளிரும்) ஃப்ரிட்ஜின்ரை கீழ்த்தட்டிலை ரெண்டு நாள் வையுங்கோ, கூடினால் மூண்டு. (கரண்ட் அடிக்கடி போற வீடெண்டால் இந்த விளையாட்டே வேண்டாம்.) மிச்சத்தை அதுக்குப் பிறகு ஃப்ரீசரிலை போடலாம்.

கடையிலை அண்டர்கட் எண்டு கேளுங்கோ, முதுகெலும்புக்கு உள்பக்கம் கிடக்கிற தசை, மாடு நடக்கேக்கை அதுக்கு வேலை குறைவு. ஒரு மாட்டிலை ரெண்டுதான் இருக்கு, முதல்நாளே சொல்லி வைக்காட்டில் கறிக்குக் கொத்திப்போடுவினம். தொடையும் முன்னங்காலும் பிரட்டல் கறிக்கு விடுங்கோ.

கறுத்து, விரலிலை ஒட்டுற இறைச்சி வேண்டாம். லொறியிலை நெருக்கி ஏத்தி, தண்ணியும் இல்லாமல் களைச்ச மாட்டின்ரை தசையிலை கிளைக்கோஜன் (தசை சேமிச்சு வைக்கிற சர்க்கரை) தீர்ந்துபோகும், பிறகு அதிலையிருந்து வாற அமிலம் ஊறாது, கெதியிலை பழுதாகும். மடுவத்துக்குப் போகாமல் வளவுக்குள்ளை களவா அறுத்தது எண்டால் விலை எவ்வளவு குறைஞ்சாலும் தொடாதேங்கோ.

சமையல் பெரிய வேலை இல்லை. 3 சென்ரிமீற்றர் மொத்தத்துக்கு வெட்டி, முக்கால் மணித்தியாலம் முதல் உப்புப் போட்டு, ஈரம் துடைச்சு, நல்லாக் காஞ்ச இரும்புத் தோசைக்கல்லிலை ரெண்டு பக்கமும் பிரட்டுங்கோ. கொழுப்பில்லாத இறைச்சி கெதியா வெந்திடும், ஃபோனை அங்காலை வைச்சிட்டு நில்லுங்கோ. தேமோமீற்றர் நடுவிலை 63 பாகை காட்டினதும் இறக்கி, ஆகக்குறைஞ்சது 3 நிமிசம் பொறுத்து, நாருக்குக் குறுக்கா வெட்டுங்கோ. வீடியோக்களிலை காட்டுற மாதிரி உள்ளை பச்சையா எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, மாட்டு நாடாப்புழுவின்ரை குடம்பி தசைக்குள்ளைதான் கிடக்கும்.

முள்ளுக்கரண்டியாலை குத்தி மெதுவாக்கிறவையும் இருக்கினம். மேலை இருக்கிற கிருமியைத்தான் உள்ளுக்குத் தள்ளுறியள், அப்பிடிக் குத்தினால் அரைச்ச இறைச்சிக்கு மாதிரி 71 பாகை வரைக்கும் வேகவையுங்கோ. பப்பாக்காய் அரைச்சுப் பூசுறதெண்டால் அரை மணித்தியாலம் காணும், இரவிரவா ஊற விட்டால் மேல்பக்கம் கூழாகும், உள்பக்கம் இருந்தபடிதான் இருக்கும்.