பற்றாசு: பல் மருத்துவப் பிசின்களில் ‘கப்ளிங் ஏஜென்ட்’

செயற்கைப் பிசினுக்கு வலுவூட்டுவதற்காக அதனுள் வேறொரு பொருளை இடும்போது, அவ்விரண்டையும் எல்லையில் வேதிமுறையாக இணைக்கும் மெல்லிய படலத்தைப் பல் மருத்துவத்தில் ‘கப்ளிங் ஏஜென்ட்’ என்கிறார்கள். பல் குழியை அடைக்கும் கூட்டுப்பிசினில் கண்ணாடித் துகள்களின் மேலும், பல்செட்டின் அடித்தளத்தில் கண்ணாடி இழைகளின் மேலும், உடைந்த பீங்கான் பல்லைச் சரிசெய்யும்போது பீங்கான் பரப்பின் மேலும் பூசப்படுவது இதுவே. தமிழில் இதனை ‘இணைப்புக் காரணி’ என்றும், ‘பிணைப்பு முகவர்’ என்றும், சில இடங்களில் வெறுமனே ‘ஒட்டும் பொருள்’ என்றும் எழுதலாம். முதலாவது மிகப் பொதுவானது. இரண்டாவது காப்பீட்டு முகவரை நினைவூட்டுவது. மூன்றாவது பொருளையே தவறாக உணர்த்துவது. ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல்லே இதற்குத் தகும் என்பது என் கருத்து.

ஆங்கிலத் தொடரின் முதற்சொல், லத்தீன் ‘கோப்புலா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; கட்டு, பிணைப்பு என்பன அதன் பொருள். இலக்கணத்தில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் சொல்லுக்கும் அதே பெயர் வழங்குகிறது. இரண்டாம் சொல் ‘செய்தல்’ என்று பொருள்படும் ‘அகெரே’ என்ற லத்தீன் வினையடியாகப் பிறந்தது. வேதியியலில் அது ஒரு விளைவை உண்டாக்கும் பொருளைக் குறிக்கும். பிறர் சார்பில் செயற்படும் ஆள் என்பது அச்சொல்லின் வேறொரு கிளைப் பொருள். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு பிறந்ததே ‘முகவர்’. இவ்வகைச் சேர்மங்களுள் மிகுதியாகப் பயன்படுவது சிலேன். சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களுக்கு மீத்தேன், ஈத்தேன் ஆகியவற்றின் ஈற்றைப் பின்பற்றி வைத்த பெயர் அது. சிலிக்கான் என்ற பெயரோ சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் ‘சிலெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லை அடியாகக் கொண்டது.

பற்றாசு என்பது பற்று, ஆசு என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. பற்று என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டுப் பற்றாசு என நின்றது. பொற்கொல்லர் இரு உலோகத் துண்டுகளை ஒன்றாக்கும்போது நடுவில் இடும் பொடிக்கு ஆசு என்றும் பற்றாசு என்றும் பெயர். ஆசு என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு; ஆசுகவியில் வரும் ஆசு விரைவைக் குறிக்கும் வடசொல். இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. யாப்பிலக்கணத்தார் தட்டார் பட்டறையிலிருந்தே இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். எதுகையில் முதலெழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் இடையே ய், ர், ல், ழ் என்னும் ஒற்றுகளுள் ஒன்று வந்து நின்றால் அது ஆசெதுகை. ஆசிடை வெண்பாவை விளக்கும் யாப்பருங்கலக்காரிகை உரை, இரண்டு குறட்பாக்கள் தம்முள் இசையாமல் விட்டிசைக்கும்போது இடையில் ஓரிரு அசைகளைக் கூட்டுவதை, ஒற்றுமைப்படாத உலோகங்களை ஒற்றுமைப்படுத்தப் பற்றாசு இடுவதற்கு ஒப்பிடுகிறது. தாமாகச் சேராத இரண்டு, அவற்றின் நடுவே சிறு அளவில் மூன்றாவது ஒன்று, அந்த மூன்றாவது இரண்டோடும் பொருந்துதல் என்ற மூன்று கூறுகளும் அவ்வுரையில் ஒருங்கே அமைந்துள்ளன. சிலேன் பல் பிசினில் செய்யும் வேலையும் இந்த மூன்று கூறுகளுக்குள் அடங்கும்.

பல்செட்டுகளின் அடித்தளத்துக்கு 1937-இல் அறிமுகமான பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிசின், வார்ப்பதற்கு எளிதாகவும் ஈறின் நிறத்துக்கு ஒத்ததாகவும் இருந்ததால் மிக விரைவில் மற்றப் பொருள்களைப் பின்தள்ளியது. வெப்பத்தால் இறுகும் அடித்தளப் பிசினின் வளைவு வலிமை குறைந்தது 65 மெகாபாஸ்கல் (பரப்பில் விழும் விசையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 20795 என்ற பன்னாட்டுத் தரநிலை கேட்கிறது. நல்ல அக்ரிலிக் அதனைத் தாண்டிவிடும். ஆனால் மெல்லும்போது ஆயிரக்கணக்கான முறை சிறிது சிறிதாக வளைவதால் சோர்வு விரிசல் உண்டாகி, மேல் பல்செட்டு முன்பற்களின் நடுக்கோட்டில் இரண்டாகப் பிளக்கிறது. இதனைத் தடுக்க உள்ளே உலோகக் கம்பியைப் புதைப்பது நெடுநாள் வழக்கம். அப்படி உடைந்த ஒரு பல்செட்டை எடுத்துப் பார்த்தால், கம்பி பெரும்பாலும் முறியாமல் இருக்கும். பிசின் துண்டிலிருந்து அதனைக் கையாலேயே உருவிவிட முடியும். அது கிடந்த பள்ளத்தின் உட்பரப்பு வழவழப்பாக இருக்கும். கம்பி தன் பங்குச் சுமையை ஏற்கவே இல்லை என்பதற்கு அந்த வழவழப்பு சான்று. சுமை பிசினிலிருந்து வலுவூட்டிக்கு எல்லையின் வழியாக, ஒட்டிய இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று நழுவவைக்க முயலும் சறுக்கு விசையாகவே கடந்து செல்ல முடியும். எல்லை பிணையாவிட்டால் வலுவூட்டி என்பது பிசினுக்குள் இருக்கும் ஒரு வெற்றிடத்துக்குச் சமமானது, சில வேளைகளில் விரிசலைத் தொடங்கிவைப்பதும் அதுவே.

சிலேன் இந்த எல்லையை எப்படிக் கையாள்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பல் மருத்துவத்தில் வழங்கும் 3-மெத்தக்ரிலாக்சிபுரொப்பைல்டிரைமெத்தாக்சிசிலேன் என்ற நீண்ட பெயருடைய மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் சிலிக்கானைச் சுற்றி மூன்று மெத்தாக்சித் தொகுதிகள். மறுமுனையில் பிசினில் உள்ளதைப் போன்றே ஒரு மெத்தக்ரிலேட் தொகுதி. எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்து, பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையே வைத்தால், மெத்தாக்சித் தொகுதிகள் நீராற்பகுப்படைந்து, சிலிக்கானோடு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதி) இணைந்த சிலனால்களாகின்றன. அவை கண்ணாடிப் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில்களோடு முதலில் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கி, பின்னர் நீர் மூலக்கூறு வெளியேற, சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் என்ற உறுதியான சங்கிலியாகின்றன. பிசின் இறுகும்போது மறுமுனையின் இரட்டைப் பிணைப்பு திறந்து பாலிமர்ச் சங்கிலியிலேயே ஒரு கண்ணியாகச் சேர்ந்துவிடுகிறது. பசை இவ்வாறு செய்வதில்லை. அது இரு பரப்புகளுக்கும் நடுவே தனிப்பொருளாகவே நிற்கும். பற்றாசோ ஒருபுறம் கண்ணாடியின் பகுதியாகவும் மறுபுறம் பிசினின் பகுதியாகவும் ஆகிவிடுகிறது.

சிலனால்கள் தங்களுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளவும் கூடியவை. நீராற்பகுப்படைந்த கரைசலைக் குப்பியில் நெடுநாள் வைத்தால் அவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, தெளிந்த திரவம் பால்போல் கலங்கிவிடுகிறது. கலங்கிய சிலேனைப் பூசுவதில் பயனில்லை. மிகுதியாகப் பூசுவதும் தவறு. முதல் அடுக்கு மட்டுமே கண்ணாடியோடு பிணையும். அதன்மேல் குவியும் அடுக்குகள் தளர்வாக நின்று, பின்னர் அந்தத் தளர்ந்த இடத்திலேயே முறிவு நிகழும். பூசிய பின் காற்றிலோ வெப்பத்திலோ உலர்த்துவது எத்தனாலையும் பிணைப்பில் வெளிப்படும் நீரையும் விரட்டுவதற்காக.

கண்ணாடி இழையிட்ட பிசின்கள் ஈரத்தில் வலுவிழப்பதைத் தடுக்கும் முயற்சியில், பிற தொழில்களுக்காக 1940-களில் தொடங்கி வளர்ந்த உத்தி இது. அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தவர் ராஃபேல் போவன். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தில் ஆய்வு செய்த அவர், 1962-இல் பெற்ற காப்புரிமையில் பிஸ்-ஜி.எம்.ஏ. என்ற புதிய பிசினோடு வினைல் சிலேன் பூசிய சிலிக்காத் துகள்களைச் சேர்த்தார். அப்பிசினின் பெயரே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆயினும் துகளின் மேற்பூச்சு இல்லாமல் அந்தக் கூட்டுப்பொருள் வாயில் நிலைத்திருக்காது என்பதால், காப்புரிமையின் தலைப்பிலேயே சிலேன் இடம்பெற்றது பொருத்தமே.

துகளைவிட இழையில் சிக்கல் கூடுதல். ஒரு கண்ணாடி இழை ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் தடிமனே இருக்கும். ஆயிரக்கணக்கான இழைகள் கற்றையாக இருக்கும்போது அவற்றின் இடுக்குகளுக்குள் பிசின் புக வேண்டும். பல்செட்டுக்கான அக்ரிலிக் பொடியும் திரவமும் கலந்து மாவாகப் பிசையப்படுவது. அந்த மாவு கற்றைக்குள் எளிதில் நுழையாது. நுழையட்டும் என்று மோனோமர்த் திரவத்தில் (இறுகிப் பிசினாகும் சிறு மூலக்கூறுகளின் திரவம்) இழையை மிகுதியாக நனைத்தால், மெத்தில் மெத்தக்ரிலேட் தனியே இறுகும்போது கனஅளவில் ஏறத்தாழ 21 விழுக்காடு சுருங்குவதால், இழையைச் சுற்றி இடைவெளி விழுகிறது. சிலேன் எவ்வளவு நேர்த்தியாகப் பூசப்பட்டிருந்தாலும், பிசின் சென்று தொடாத பரப்பில் அதற்கு வேலையில்லை. நனைதல் முதலில், பிணைதல் பிறகு என்ற இந்த வரிசையைப் பல பட்டறைகளில் கவனிப்பதில்லை.

எல்லா வலுவூட்டிக்கும் ஒரே பற்றாசு பயன்படாது. மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீன் இழையின் பரப்பில் சிலேன் பற்றுவதற்கு ஹைட்ராக்சில் கிடையாது. பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற வாயுவில்) வைத்துப் பரப்பில் முனைவுத் தொகுதிகளை உண்டாக்கினால்தான் பிசின் அதன்மேல் படரும், அப்போதும் கண்ணாடியின் அளவுக்குப் பிணைப்பு அமைவதில்லை. கார்பன் இழை கருமையாலும், அராமிட் இழை மஞ்சள் நிறத்தாலும் மெருகேற்ற முடியாத தன்மையாலும் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் பற்றி இங்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. கோபால்ட்–குரோமியம் போன்ற உலோகக் கலவைகளும், சிர்கோனியா என்ற வலிய பீங்கானும் ஆக்சைடுப் பரப்புடையவை. இவற்றுக்கு ஜப்பானில் உருவாகி 1980-களில் பரவிய 4-மெட்டா, 10-எம்.டி.பி. ஆகிய மோனோமர்கள் பொருந்துகின்றன; முன்னது கார்பாக்சில் தொகுதிகளாலும் பின்னது பாஸ்பேட் தொகுதியாலும் ஆக்சைடைப் பற்றுகின்றன. தங்கத்தின் மேல் ஆக்சைடு நிலைப்பதில்லை என்பதால் கந்தகம் கொண்ட மோனோமர் வேண்டும். வேறொரு வழியும் உண்டு: 1989-இல் வந்த ரோக்காடெக் முறையில், சிலிக்கா பூசிய அலுமினாத் துகள்களை உலோகத்தின் மேல் வேகமாக வீசி, மோதலின் வெப்பத்தில் சிலிக்காவை அப்பரப்பில் பதித்துவிடுகிறார்கள். அதன்பின் உலோகத்துக்கும் சிலேனே போதுமானதாகிறது.

இணைப்பு எவ்வளவு வலுவானது என்பதைச் சறுக்கு விசையால் சோதிப்பது வழக்கம். உலோகத்தின் வெளிமுகத்தில் பல்நிறத்துக்காக இடும் முகப்புப் பிசினுக்கும் அவ்வுலோகத்துக்கும் இடையே குறைந்தது 5 மெகாபாஸ்கல் வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 10477 விதிக்கும் அளவு. எனினும் அந்த எண்ணைவிட, முறிந்த பரப்பை உருப்பெருக்கியில் பார்ப்பது கூடுதலாகச் சொல்லும் என்று நினைக்கிறேன். இழையின் மேல் பிசின் ஒட்டியிருந்தால் முறிவு பிசினுக்குள்ளேயே நிகழ்ந்திருக்கிறது. அதனை உள்முறிவு எனலாம். இழை துடைத்த கண்ணாடியாகத் தெரிந்தால் அது எல்லைமுறிவு; பற்றாசு பற்றவில்லை. சோதனைத் துண்டுகளை 5 டிகிரி, 55 டிகிரி நீர்த்தொட்டிகளில் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் முக்கி எடுத்த பின், தொடக்கத்தில் உள்முறிவு காட்டிய பொருளும் எல்லைமுறிவுக்கு மாறக்கூடும். சிலிக்கான்–ஆக்சிஜன் சங்கிலி உருவாகும்போது வெளியேறிய நீரே, வாயின் ஈரத்தில் மெல்லத் திரும்பி வந்து அச்சங்கிலியை அறுக்கிறது. சிலேன் வேதியியலின் நிலையான குறை இது.

பற்றாசு என்ற சொல்லுக்கு ஒரு தடை உண்டு. பொறியியல் தமிழில் அது ஈயப்பற்று வைக்கும் உலோகக் கலவைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அடைமொழி சேர்த்தால் குழப்பம் வராது: சிலேன் பற்றாசு, பாஸ்பேட் பற்றாசு, கந்தகப் பற்றாசு. பூசும் செயலுக்குப் பற்றாசிடுதல் என்றும், பூசிய இழைக்குப் பற்றாசிட்ட இழை என்றும் வினையும் பெயரெச்சமும் இயல்பாகக் கிடைக்கின்றன. ‘இணைப்புக் காரணி’யை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வினையை ஆக்கிப் பார்த்தால் வேறுபாடு புரியும். ‘பிரைமர்’ என்று குப்பிகளில் அச்சிடுவதை முன்பூச்சு எனலாம். பற்றாசு கரைந்துள்ள நீர்மம் என்ற அளவில்தான் அது பெயராகும், வேதிப்பொருளின் பெயராகாது.

எல்லாப் பிணைப்பையும் பற்றாசு என்று சொல்லிவிடவும் கூடாது. ஃபின்லாந்தில் பெக்கா வல்லிட்டு முதலானோர் 1990-களில் வளர்த்தெடுத்த முறையில், கண்ணாடி இழைகளை முன்கூட்டியே பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டால் ஊறவைத்து வைக்கிறார்கள். பின்னர் அதன்மேல் புதிய பிசினை இட்டால், அதன் மோனோமர் பழைய பாலிமரைச் சற்றே கரைத்து உள்ளே புகுந்து இறுகுகிறது. இரு சங்கிலிகளும் வேதிப் பிணைப்பின்றியே ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. இழைக்கும் முதற்பிசினுக்கும் நடுவே சிலேன் இருக்கிறது, அது பற்றாசு. பழைய பிசினுக்கும் புதிய பிசினுக்கும் நடுவே மூன்றாவது பொருள் எதுவும் இல்லை; அதற்கு ஊடுபின்னல் என்று தனிப்பெயரே வேண்டும்.