‘கிளப்’ என்பதற்குத் தமிழ் என்ன?

ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வயசானவர்கள் "கிளப்புக்கடையில ரெண்டு இட்லி தின்னுட்டு வந்தனுங்க" என்பார்கள். அது சாப்பாட்டுக் கடை. ஒரு காலத்து ‘காபி கிளப்’பின் மிச்சம். (இளவட்டம் இப்போது டீக்கே பேக்கரிக்குப் போகிறது.) "அவரு கிளப்புலயே கெடக்கறாரு" என்றால் சீட்டாட்டம். "ரெண்டு பில்லையும் கிளப் பண்ணிருங்க" என்றால் ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். மூன்றும் ஒரே சொல்தான்.

அதன் வேர் பழைய நார்ஸ் மொழி. அங்கே ‘கிளுப்பா’ என்றால் நுனி பருத்த தடி. ஆங்கிலத்திலும் முதலில் தடிதான். நாம் ‘கிளாவர்’ என்கிற சீட்டை ஆங்கிலேயர் ‘கிளப்’ என்பதும் அதனால்தான். பிறகு திரள்வது, ஒன்றுசேர்வது என்ற பொருள் ஏறியது. 17ஆம் நூற்றாண்டில் லண்டன் மதுக்கடைகளில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச் செலவைப் பங்கிட்டுக் குடித்தவர்களின் கூட்டத்துக்கே அது பெயராயிற்று. நம் கணக்கர்கள் ‘கிளப் பண்ணுவது’ அந்தப் பழைய பொருளுக்கு ரொம்பவே பக்கம்.

கூடிக் குடித்தவர்கள் பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். புது உறுப்பினரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெட்டிக்குள் வெள்ளை, கறுப்பு உருண்டை போட்டு முடிவு செய்வார்கள். கறுப்பு விழுந்தால் ஆள் வெளியே. இந்த வழக்கம் கப்பலேறித் துறைமுக நகரங்களுக்கு வந்தது: கல்கத்தாவில் 1827இல் பெங்கால் கிளப், சென்னையில் 1832இல் மெட்ராஸ் கிளப். மெட்ராஸ் கிளப் வெள்ளைக்காரர்களுக்கானது. உள்ளே பரிமாறியவர்கள் நம்மவர்கள், உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். இந்தியர்களும் சேரும்படி 1873இல் சென்னையில் காஸ்மாபாலிடன் கிளப் எழுந்தது; அதே பெயரில் 1891இல் கோவையிலும் ஒன்று, இன்றும் ரேஸ்கோர்ஸில் இருக்கிறது. மெட்ராஸ் கிளப்போ 1963இல் அடையாறு கிளப்போடு இணைந்தது. இந்தியர்களை உறுப்பினராகச் சேர்த்ததும் அந்த 1960களில்தான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? அரசாங்கம் ‘மனமகிழ் மன்றம்’ என்கிறது. பார் உரிமம் வாங்கிய மாடிக் கட்டடங்களின் பலகையிலும் அதுவே. எனக்கு இதில் ஓர் உறுத்தல். சங்கப் பாட்டுகளில் மன்றம் என்பது ஊர்ப் பொதுவிடம். வேம்போ பலாவோ நிற்கும், யாரும் வந்து உட்காரலாம். யாரும் வரக்கூடாது என்பதற்காகவே கட்டிய இடத்துக்குப் போய் அந்தப் பெயரா? ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது. ‘உறுப்பினர் மன்றம்’ என்றால் கொஞ்சம் நேர்மையாக இருக்கும்.

விளையாட்டுக்குக் ‘கழகம்’ பொருந்தும்: கால்பந்துக் கழகம். சேவை அமைப்புகளுக்குச் ‘சங்கம்’. லயன்ஸ் கிளப்பை ‘அரிமா சங்கம்’ ஆக்கியவருக்கு நல்ல காது. சீட்டு கிளப்புக்கு? திருக்குறளின் சூது அதிகாரத்தில் "கழகத்துக் காலை புகின்" பழகிய செல்வமும் பண்பும் கெடும் என்கிறாரே, அந்தக் கழகம் சூதாடும் இடம்தான். இன்றைக்கு அந்தப் பொருளில் எழுதினால் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘சீட்டாட்ட விடுதி’ போதும். மெட்ராஸ் கிளப், காஸ்மாபாலிடன் கிளப் என்பவை பெயர்கள். அவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுங்கள்.